கடைசிக் கணவாயின் கணக்கு

நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தின் கடைசி மலையேற்றத்தை மனவுறுதிக்கு வைத்த பரீட்சை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கால் ஓய்ந்த பிறகும் மனம் இழுத்துக்கொண்டு போனதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணவாயில் நடப்பதில் பெரும்பகுதி, அதன் அடிவாரத்துக்கு வந்து சேர்வதற்குப் பல மணி நேரம் முன்பே முடிவாகிவிடுகிறது என்பது என் கட்சி. ஆஸ்திரியாவின் ஸோல்டனில் தொடங்கி அங்கேயே முடியும் ஓட்ஸ்டாலர் ராட்மாரத்தானை எடுத்துக்கொள்வோம். 1982 முதல் நடக்கும் இதில் சுமார் 227 கிலோமீட்டர் தூரம், 5,500 மீட்டர் அளவுக்கு ஏற்றம். க்யூடாய், ப்ரென்னர், யவ்ஃபென் என்று மூன்று கணவாய்களைத் தாண்டிய பிறகு, இத்தாலியின் செயின்ட் லியோன்ஹார்டில் இருந்து டிம்மெல்ஸ்யோக் எழுகிறது. ஏறக்குறைய 29 கிலோமீட்டரில் 1,800 மீட்டர் ஏறி, 2,474 மீட்டர் உயரத்தில் ஆஸ்திரிய எல்லையைத் தொட வேண்டும்.

சைக்கிளும் ஆளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை 1,800 மீட்டர் தூக்க, தசைகளில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால், உடம்பு 1,500 கலோரிக்கு மேல் எரிக்க வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தாகச் சேர்த்துவைக்க முடிவது மொத்தமே சுமார் 2,000 கலோரி. அதிலும் பெரும்பகுதி யவ்ஃபெனுக்கு முன்பே கரைந்திருக்கும். கொழுப்பு எவ்வளவோ இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் கைகொடுக்கும். ஆகவே மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்தை, பசி எடுக்காத முதல் மணி நேரத்திலிருந்தே உள்ளே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். பசித்த பிறகு சாப்பிடலாம் என்று இருந்தவருக்கு, ஆறேழு மணி நேரம் கழித்து ஜெல் பாக்கெட்டைக் கிழிக்கும்போதே குமட்டும். வாய் உலர்ந்து, ரொட்டித் துண்டு தொண்டையில் இறங்காது. பல்சக்கரமும் இப்படித்தான். பத்து சதவீதச் சரிவில் 200 வாட் கொடுப்பவர் மணிக்கு எட்டரைக் கிலோமீட்டர் வேகத்தில் போவார். முன்னே 34 பல், பின்னே 32 பல் இருந்தால் நிமிடத்துக்கு 65 சுற்று மிதிக்கலாம். பின்னே 25 பல்தான் என்றால் அது 50 சுற்றாகக் குறைந்து, ஒவ்வொரு மிதியிலும் முழங்காலில் பாரம் ஏறும். அந்த 32 பல் சக்கரத்தை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். மலையில் எவ்வளவு உறுதி இருந்தாலும் பின்சக்கரத்தில் ஏழு பல் முளைக்காது.

ஒரே மாதிரி சாப்பிட்டு, ஒரே பல்சக்கரம் பூட்டிய இருவரில் ஒருவர் இறங்கி நடக்கிறாரே, இன்னொருவர் நடப்பதில்லையே, அது மனம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மனத்துக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. அது செலவே ஆகாத தனிக் கையிருப்பு என்பதைத்தான் மறுக்கிறேன். 2009இல் சாமுவேலே மார்க்கோராவின் ஆய்வுக் குழு, சிலரை 90 நிமிடம் கவனத்தைப் பிழியும் வேலையில் உட்காரவைத்துவிட்டுப் பிறகு சைக்கிள் மிதிக்கச் சொன்னது. சும்மா படம் பார்த்துவிட்டு மிதித்த நாளைவிட அவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். இதயமும் நுரையீரலும் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன. களைப்பாகத் தோன்றியதுதான் கூடுதல். அப்படியென்றால், க்யூடாயில் முன்னால் போகிறவரைப் பிடிக்கத் துடித்ததும், ப்ரென்னரில் எந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்வது என்று ஓயாமல் கணக்குப் போட்டதும், இறக்கங்களில் பிரேக்கை இறுக்கிப் பிடித்துப் பயந்ததும் அந்த உறுதியையே தின்றிருக்கின்றன. மழையும் பஞ்சரும் எந்தத் திட்டத்தையும் கவிழ்க்கும் என்பது உண்மை. ஆனால் கையில் மிச்சம் வைத்திருந்தவரால்தான் அவற்றையும் தாங்க முடிகிறது.

எல்லாம் முன்பே முடிவானது என்றால் அந்த உச்சியில் மெச்சுவதற்கு என்ன இருக்கிறது என்பது இன்னும் கூர்மையான கேள்வி. எனக்கு நிறைய இருப்பதாகவே படுகிறது. மெச்ச வேண்டிய இடம்தான் வேறு. காலையில் க்யூடாயின் செங்குத்தான திருப்பங்களில், கால் புதிதாக இருக்கும்போது, நூற்றுக்கணக்கானோர் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே ஒருவர் தன் வேகத்தில் மிதிக்கிறாரே, அதற்கு யாரும் கைதட்டுவதில்லை. மாலையில் முகம் கோணிப் பல்லைக் கடிப்பவரைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்கு முன்னதுதான் அரிய குணம். டிம்மெல்ஸ்யோக்கின் அமைப்பும் இதற்குச் சாட்சி: உச்சியைத் தாண்டி இறங்கினால், சுங்கச்சாவடி வரை மறுபடி ஒரு ஏற்றம் இருக்கிறது. உச்சியோடு முடிந்தது என்று எல்லாவற்றையும் அங்கே கொட்டித் தீர்த்தவர், ஸோல்டனுக்குப் போக அதையும் ஏறியாக வேண்டும்.