ரயில்வே கம்பெனி போட்ட வரி வழக்கு

நம்ம மலையில் தண்டவாளம் கிடையாது. ரயில் என்றால் கொடைரோட்டுக்கு இறங்கித்தான் ஆகவேண்டும். ஆனாலும் ஒரு ரயில்வே கம்பெனி போட்ட பழைய வழக்கு, பெரும்பாறையில் வீட்டுவரி ரசீது வைத்திருக்கும் எல்லோருக்கும் உபயோகப்படும். "வரியை ஏத்திட்டாங்க, கோர்ட்டுக்குப் போயிடலாமா?" என்று டீக்கடையில் கேட்கிறார்களே, அதற்கான பதில் அதில் இருக்கிறது.

இன்றைய விஜயவாடா அன்று பெஜவாடா. சென்னை மாகாணத்து ஊர். அங்கே மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே கம்பெனிக்குக் காலி நிலங்கள் இருந்தன. நிலத்தின் விலையை வைத்து ஆண்டு மதிப்பைக் கணக்கிட்டு முனிசிபாலிட்டி வரி போட்டது. கம்பெனி ஒப்பவில்லை. விலையை வைத்துக் கணக்கிடுவதைச் சில கட்டடங்களுக்கு மட்டும்தான் சட்டம் சொல்கிறது, நிலத்துக்கு வாடகையைத்தான் பார்க்கவேண்டும் என்றது.

இதில் ஒரு நுணுக்கம். 1920ஆம் வருட மாவட்ட முனிசிபாலிட்டிகள் சட்டத்தின் 354ஆம் பிரிவுப்படி, சட்டத்தைச் சாராம்சத்தில் பின்பற்றி வசூலித்த வரியைத் திருப்பிக் கேட்டு அன்று வழக்குப் போட முடியாமல் இருந்தது. அதனால் "வரி அதிகம்" என்று சொன்னால் மட்டும் போதாமல் இருந்தது. "சட்டத்தையே மீறிவிட்டார்கள்" என்று காட்டவேண்டியிருந்தது.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1944இல் தீர்ப்பு. நியாயமாக என்ன வாடகை வரும் என்று கண்டுபிடிக்க, நில விலையிலிருந்து கணக்கிடுவதும் ஏற்கப்பட்ட வழிதான். கட்டடத்துக்கென்று தனியாகச் சொன்னது நிலத்துக்கு அந்த வழியை அடைத்துவிடாது என்றார்கள். கம்பெனி தோற்றது.

அதற்காக கோர்ட் கதவு முழுக்கச் சாத்தியதாக நினைக்கவேண்டாம். 1940இல் மாஸ்க் கம்பெனியின் பாக்குச் சுங்க வழக்கில், அதிகாரிகள் சட்டப்படி நடக்கவில்லை என்றாலோ, நியாயமான விசாரணை முறையை மீறினாலோ கோர்ட் தலையிடலாம் என்று அதே பிரிவி கவுன்சில் சொல்லியிருந்தது. 1968இல் துலாபாய் வழக்கில் நமது உச்ச நீதிமன்றமும் இதையெல்லாம் தொகுத்து வைத்தது.

ஆகவே தொகை அதிகம் என்றால், நோட்டீசில் கண்ட கெடுவுக்குள் அப்பீல் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கெடு போனபின் வக்கீலைத் தேடி மலையிறங்கினால் பஸ் செலவுதான் மிச்சம்.