ஒரு குவளைக் காவிரியும் ஒரு சின்ன பிரஷ்ஷும்

பெங்களூரில் ஒருவர் வீட்டுக் குழாயில் வருவது காவிரியா, போர்வெல்லா என்று விசாரிக்க வேண்டியதில்லை. காலையில் அவர் சவரம் செய்துகொள்வதைப் பார்த்தால் போதும். காவிரி என்றால் பிரஷ்ஷை நாலு சுற்று சுற்றியதும் கன்னத்தில் வெண்ணெய்போல நுரை நிற்கும். போர்வெல் என்றால் எவ்வளவு தேய்த்தாலும் பால் திரிந்த மாதிரி ஒரு பிசுக்குத்தான். அதுவும் மோவாய்க்கு வருவதற்குள் காதோரத்தில் காய்ந்துவிடும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு, கரையாத படிவாக மாற்றிவிடுகின்றன. அவற்றின் பசி அடங்கிய பிறகு மிஞ்சும் சோப்புதான் நுரைக்கும். ஷேவிங் க்ரீம் ட்யூப் சீக்கிரம் தீர்ந்துபோனால் பல வீடுகளில் மீசை முளைத்த மகன்மீது சந்தேகம் விழுகிறது. உண்மையான குற்றவாளி மொட்டைமாடித் தொட்டியில் இருக்கிறது.

பெரிய ஆறு எதுவும் ஓடாத ஊர் இது. 1896-இல் ஹெசரகட்டா, 1933-இல் திப்பகொண்டனஹள்ளி என்று அர்க்காவதியைத் தேக்கிக் குடித்தது. காவிரி வந்தது 1974-இல். தஞ்சாவூர்க்காரருக்குக் காவிரி என்றால் பள்ளம் நோக்கி ஓடுவது. இங்கே அது தொரெகாடனஹள்ளியிலிருந்து மூன்று கட்டமாக பம்ப் செய்யப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் தூரமும் 500 மீட்டர் உயரமும் மேடேறி வருகிறது. அந்தக் குழாய் எட்டாத புறநகர்களில் போர்வெல்லும் லாரித் தண்ணீரும்தான். 2024 மார்ச்சில் போர்வெல்களும் வறண்டன. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் 110 கிராமங்களுக்காக நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. லாரிகள் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இப்படிப்பட்ட ஊரில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு முகம் மழிப்பது கொஞ்சம் கூச்சம் தரும் காரியம். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் கொட்டும் குழாய் ஐந்து நிமிடத்தில் இரண்டு குடத்தைச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். பிரஷ்காரருக்கு ஒரு குவளை போதும். அதிலும் சின்ன பிரஷ்காரருக்கு.

மாமூல்பேட்டையின் ஃபேன்ஸி கடைகளில் பிரஷ் கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது நைலான் பிரஷ். விலை குறைவு, சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் தண்ணீரைப் பிடித்து வைக்காது. பன்றி முடி பிரஷ் முதல் சில வாரங்கள் துடைப்பம்போலக் குத்தும். பிறகு நுனி பிளந்து மிருதுவாகிவிடும். வெளிநாட்டுக்காரர்கள் கொண்டாடும் பேட்ஜர் முடி தண்ணீரை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். விலைதான் நம்மைச் சிரைத்துவிடும். கடைக்காரர் அடர்த்தியான பெரிய பிரஷ்ஷை நீட்டி இதுதான் நல்லது என்பார். நம்ப வேண்டாம். பெரிய பிரஷ் தன் வயிற்றுக்கே பாதிச் சோப்பையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளும். கட்டை விரல் பருமனுக்கு மேல் போகாத முடிக்கற்றை ஒரு முகத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி அப்படியே திருப்பிக் கொடுக்கும். மூக்குக்குக் கீழேயும் தடுமாறாமல் நுழையும்.

போர்வெல் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. இரவே ஒரு சொம்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறித் தெளிந்ததும் மேலாக எடுத்துக்கொண்டால் கடினத்தன்மை ஓரளவு குறையும். நுரைக்க மட்டும் அந்தத் தண்ணீர். ரேஸரை அலச எந்தத் தண்ணீரும் ஆகும். சின்ன பிரஷ் என்பதால் அரை டம்ளருக்கு மேல் செலவாகாது. பச்சை மெட்ரோ ரயிலில் சேண்டல் சோப் ஃபேக்டரி என்றே ஒரு நிலையம் இருக்கிறது. 1916-இல் தொடங்கிய மைசூர் அரசுத் தொழிற்சாலையின் வாரிசு அங்கே இயங்குகிறது. அந்தச் சந்தன சோப்பையே தேய்த்து சவரத்தை முடிக்கும் பெரியவர்கள் இந்த ஊரில் உண்டு. மணம் பிரமாதம். நுரைதான் நிற்காது.

அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துச் சலூன்களில் வேறு பிரச்னை. (கன்னடப் பலகையில் க்ஷௌரம், நம் வாயில் சவரம், சொல் ஒன்றுதான்.) எய்ட்ஸ் பயம் வந்த பிறகு கத்தி போய், ஆளுக்கு ஒரு பாதி பிளேடு வந்தது. நல்ல மாற்றம். ஆனால் பிரஷ் மட்டும் பல கடைகளில் இன்னும் பொதுச் சொத்து. ஒரே பிளாஸ்டிக் கிண்ணம், ஒரே பிரஷ், வரிசையாக முகங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகச் சுத்தம் செய்யாத குதிரை முடி பிரஷ்கள் வழியாக இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆந்த்ராக்ஸ் பரவி உயிர்களே போயிருக்கின்றன. இன்று அந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம் என்றாலும், முகத்தில் கீறலும் பருவும் இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

என் பையில் ஒரு சின்ன பிரஷ் இருக்கிறது. அல்சூரில் நான் போகும் கடைக்காரர் முதல் தடவை அதைத் தன் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாகத்தான் பார்த்தார். இப்போது என் தலை தெரிந்ததும் கை நீட்டி வாங்கிக்கொள்கிறார். வேலை முடிந்ததும் உதறி, முடி கீழ்நோக்கி இருக்கும்படி ஆணியில் மாட்டிவிடுகிறார். ஜூலை மாதச் சாரலில் இந்த ஊரில் எதுவும் லேசில் காய்வதில்லை. ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் இரண்டே நாளில் பிரஷ் நாறிவிடும்.