புகைக் கணக்கு யார் பேரில்?

கரியமிலவாயுவை மிகுதியாக வெளிவிடும் நாடுகளில் இந்தியா மூன்றாவது என்று பத்திரிகைகளில் அடிக்கடி காண்கிறோம். எண்ணைப் பொறுத்தவரை அது பொய்யன்று. 2023ஆம் ஆண்டில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்டு ஆகியவற்றால் சீனா ஏறக்குறைய 1,190 கோடி டன் வெளிவிட்டது. ஐக்கிய அமெரிக்கா 490 கோடி. நம் நாடு 300 கோடிக்குச் சற்று மேல்.

இதைப் பள்ளியில் கேட்டுவந்த நம் புதல்வன், ஏதோ குற்றம் புரிந்த குடும்பத்தான் போல் முகம் வாடினான். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நமக்குப் பெரிய விஞ்ஞானம் தெரியாது. கணக்கு எழுதிப் பழக்கம் உண்டு. பன்னிருவர் உண்ணும் வீட்டில் அரிசி அதிகம் செலவாகிறதென்று அவ்வீட்டாரைப் பெருந்தீனிக்காரர் என எவரும் சொல்லார். தலைக்கு எவ்வளவு என்றே பார்ப்பர். அவ்வாறு வகுத்தால் அமெரிக்கருக்கு 14 டன், சீனருக்கு 8, நமக்கு 2 டன்னுக்குச் சற்று மேல். தில்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதி இதை வாதாடினர். பிழைப்புக்காக எழும் வாயுவையும் சொகுசுக்காக எழும் வாயுவையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பது அவர்கள் கட்சி.

இன்னொரு சிக்கலும் உண்டு; அது நம் தொழிலோடு ஒட்டியது. சரக்கு அலுவலகத்தில் 'டு பே' என்றொரு முறை. மூட்டை ஏறுவது ஓர் ஊரில். கட்டணம் செலுத்துபவரோ அதனைப் பெற்றுக்கொள்பவர். உலகப் புகைக் கணக்கிலோ, புகைபோக்கி எங்கே நிற்கிறதோ அந்நாட்டின் பேரிலேயே பற்று எழுதுகின்றனர். சீனத்தில் செய்த பொருளை இலண்டனில் ஒருவர் வாங்கினால், புகை சீனத்துக்கு, பொருள் அவருக்கு! பொருளை நுகர்வோர் பேரில் மாற்றி எழுதினால் பிரிட்டனின் கணக்கு மூன்றிலொரு பங்குக்கும் மேல் கூடுகிறது. சுவிட்சர்லாந்தினது இரு மடங்கையும் தாண்டுகிறது. சீனத்தின் கணக்கும் நம் கணக்கும் சிறிது குறைகின்றன. வர்த்தக அட்டவணைகளைக் கொண்டு கணிப்பதாதலின் இது மதிப்பீடே. ஆயினும் நியாயத்துக்கு அண்மையது.

ஆனால் சங்க அன்பர்கள் இதைக் கேட்டு முற்றிலும் மகிழ்வதற்கில்லை. 2 டன் என்பது சராசரி. இரண்டு அறைகளிலும் குளிர்சாதனம் வைத்து, ஊருக்கு விமானத்தில் போய்வரும் நம்மவரும், நம் கிராமத்தில் சுள்ளி பொறுக்கி உலை வைக்கும் கிழவியும் ஒரே சராசரிக்குள் அடக்கம். அக்கிழவியின் சிக்கனத்தை நம் வரவில் வைத்துக்கொள்ளுவதை எந்தக் கணக்கரும் ஒப்பார்.

சென்ற மாத மின்சார ரசீதை எடுத்தோம். 200 யூனிட், வீட்டில் நால்வர். நம் நாட்டில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ வாயு. ஆகத் தலைக்கு 35 கிலோ. எதிர்வீட்டு ரசீதையும் வாங்கி ஒப்பிட எண்ணினோம். வீட்டில் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.