மாங்கிளைக் காளானும் ஒரு மன்னிப்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஜவ்வாது மலையில் என்னிடம் நான்காம் வகுப்பு படித்த ஒரு பெண் இப்போது எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கிறாள். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். ஜமுனாமரத்தூர் பக்கம் பட்டுப்போன மாங்கிளையில் எடுத்த காளான். "சார், இதுக்கு லேபிள் எழுதணும். நம்ம ஊர்ப் பேரை எப்படி எழுதுனா சரி?" என்று கேட்டாள்.

ஹெர்பேரியம் என்பது செடிகொடிகளை உலர்த்திப் பாதுகாக்கும் இடம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் காளான்களுக்கும் அப்படி ஒரு சேகரிப்பு உண்டு. செடியைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். காளானை அழுத்தினால் நசுங்கிவிடும். அதனால் இளஞ்சூட்டில் உலர்த்தி, காகித உறையில் போட்டு வைப்பார்கள். உறைமேல் பெயர், தேதி, ஊர், கடல் மட்டத்திலிருந்து உயரம், எந்த மரத்தில் இருந்தது, சேகரித்தவர் யார் என்றெல்லாம் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது வெறும் சருகுதான்.

அவள் எடுத்தது சைசோஃபில்லம் கம்யூன். விரல்நகம் அளவில் சின்ன விசிறி போல, மேலே வெள்ளை ரோமத்தோடு இருக்கும். அடியில் இருக்கும் மடிப்புகள் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் சுருண்டுகொள்ளும், ஈரம் பட்டால் விரியும். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு. மணிப்பூரில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். (அதற்காக மரத்தில் கண்டதையெல்லாம் பறித்துத் தின்றுவிடாதீர்கள்!)

படத்தைப் பார்த்ததும் எனக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. முப்பது வருஷம் இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இதே காளான் ஒட்டிய காய்ந்த குச்சியை வகுப்புக்குக் கொண்டுவந்தான். "சார், இது சாகல சார். தண்ணி பட்டா முழிச்சுக்கும்" என்றான். நான் சிரித்தேன். பிள்ளைகளும் சிரித்தார்கள். "குப்பையை வெளியே போடுடா" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அன்று பாடம் என்ன தெரியுமா? உயிருள்ளவை, உயிரற்றவை!

இப்போது தேடிப் படித்தேன். கனடாவில் பணியாற்றிய புல்லர் என்ற விஞ்ஞானி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலர்ந்த இந்தக் காளானைக் காற்றில்லாத கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்தார். சுமார் 50 ஆண்டு கழித்து எடுத்து நனைத்தபோது அது விரிந்து வித்துகளை உதிர்த்ததாம்.

எங்கள் வீட்டு விறகுக் கட்டையிலும் அது இருந்தது. ஒரு நாள் காலையில் தண்ணீர் தெளித்து ஒரு தட்டால் மூடி வைத்தேன். மதியம் திறந்தால், சுருண்டிருந்த மடிப்பெல்லாம் பூப்போல விரிந்திருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கோப்பைத் தண்ணீர் போதும், அந்தப் பையன் சொன்னதைச் சோதித்துப் பார்க்க. ஆசிரியர் பயிற்சியில் செயல்வழிக் கற்றல் என்று பக்கம் பக்கமாக எழுதித் தேர்ச்சி பெற்றவன் நான். அன்று அந்தத் தண்ணீரை ஊற்றவில்லை. தேதியும் குறித்து வைக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் எதையும் வகுப்புக்குக் கொண்டுவந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

லேபிளுக்கு ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டேன், "காளானை முதலில் யாரம்மா பார்த்தது?" "எங்க பாட்டிதான் சார் காட்டுச்சு." "அப்போ குறிப்பு என்ற இடத்தில் பாட்டி பேரையும் எழுது" என்றேன். எழுதிப் படம் அனுப்பினாள்.

தம்பி, நீ எங்கே இருந்தாலும் இந்தப் பதிவு உன் கண்ணில் பட வேண்டும். நீ சொன்னதுதான் சரி. சார் தப்புப் பண்ணிவிட்டேன். மன்னித்துக்கொள்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் எதைக் கொண்டுவந்தாலும் தேதி, இடம், கொண்டுவந்தவர் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். உண்மையா பொய்யா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்