பாளை தேடிய வருஷம்

நான் நையாண்டி மேளத்தில் தவில் வாசிப்பவன். இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், பேராவூரணி என்ற வட்டத்துக்குள்ளேதான் எங்கள் செட்டுக்குப் பிழைப்பு. காவடி, பால்குடம், மது எடுப்பு என எதற்குக் கூப்பிட்டாலும் தலைக்கட்டு வரியில்தான் சம்பளம். அந்த வரியோ பெரும்பாலும் தேங்காய் வெட்டிய காசு.

2018 நவம்பர் 15 ராத்திரி தவிலைப் போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். ஈரக்காற்று பட்டால் தோல் தொய்ந்துவிடும். கவலை அவ்வளவுதான். கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறும், கடலோரத்தோடு போய்விடும் என்றிருந்தது ஊர். விடியுமுன்னே வடக்கேயிருந்து அடித்தது. சற்று ஓய்ந்து, பிறகு தெற்கேயிருந்து திருப்பி அடித்தது. முதல் காற்றில் சாய்ந்து நின்றதையெல்லாம் இரண்டாவது காற்று முறித்துப் போட்டது. வெளுத்ததும் வாசலில் நின்று பார்த்தால் அடுத்த ஊர்க் கோயில் தெரிகிறது. நடுவிலிருந்த தோப்பு மொத்தமும் படுத்துக் கிடந்தது.

கரண்டு வர வாரக்கணக்கானது. விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 என்று அரசு அறிவித்தது. மரம் வைத்திருந்தவருக்கு அப்படியொரு கணக்காவது இருந்தது. மேளக்காரனுக்கு விழுந்த மரம் ஏது? தை, மாசிக்கு வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டு வந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஒருவர் காபி குடித்துவிட்டு, வந்த விஷயத்தைப் பேசாமலே எழுந்தார். வாசல் இறங்கும்போது மட்டும், "பலா ஒண்ணு விழுந்து கிடக்கு மாப்ள. யாவாரி அடிமாட்டு விலைக்குக் கேக்குறான். தவிலுக்கு ஆவுமான்னு வந்து பாரு" என்றார். ஆகும்தான். ஆனால் கட்டையைக் கடைந்து தோல் கட்ட யாரிடம் காசு?

இரண்டு நாயனக்காரர்களில் ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். அடுத்த வருஷம் மது எடுப்புக்கு ஒற்றை நாயனத்தோடு போனோம். குடத்தில் நெல் நிரப்பி, மேலே தென்னம்பாளை செருகிப் பெண்கள் தலையில் தூக்கி வரும் திருவிழா அது. தப்பி நின்ற மரங்களும் குருத்து திருகிப் பாளை விடாமல் நின்றன. எங்கோ தேடிக் கொண்டுவந்த பாளையைக் கீற்றுக் கீற்றாகப் பிய்த்து, மூன்று நான்கு குடத்துக்குப் பங்கு போட்டிருந்தார்கள். குலவைச் சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. சும்மா சொல்லக்கூடாது, நாங்களும் அன்றைக்கு நன்றாகவே வாசித்தோம்.

முடிந்ததும் பேசியதில் பாதியைக் கையில் கொடுத்த ஊர்ப் பெரியவர், "மிச்சத்த அடுத்த வெட்டுல வாங்கிக்க மாப்ள" என்றார். வைத்த கன்று காய்க்க ஐந்தாறு வருஷமாகும் என்பது அவருக்கும் தெரியும். "சரி மாமா" என்று வண்டியில் ஏறினோம்.