மறுபடி எழுதுவதில் என்ன வெட்கம்?

இரண்டாவது முறை கேட் எழுதப் போகிறேன். இந்த முடிவுக்கு வர எனக்கு மூன்று மாதம் ஆனது. இத்தனை நாள் என்னைத் தடுத்தது கணக்கோ ஆங்கிலமோ அல்ல, வெட்கம். அந்த வெட்கம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தம்பி தங்கைகளோடு பேசத்தான் இதை எழுதுகிறேன்.

கேட் என்பது ஐ.ஐ.எம்.களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு. ஆண்டுக்கு ஒரே முறை, நவம்பர் கடைசியில் நடக்கும். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். வயது வரம்பு இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். விதி அப்படித்தான் சொல்கிறது. ஊர் அப்படிச் சொல்வதில்லை.

நான் திருவொற்றியூர்க்காரி. அப்பா ஹார்பரில் ஒப்பந்தத் தொழிலாளி. நான் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கிறேன். அங்கே பெட்டி ஏற்றுபவர், இறக்குபவர், லாரி ஓட்டுபவர் எல்லாம் நம் ஆட்கள். எத்தனை பேரை ஒப்பந்தத்தில் வைப்பது, யாருக்கு எவ்வளவு கூலி என்று முடிவெடுக்கும் மேசையில் எங்கள் தெருவிலிருந்து ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எம்.பி.ஏ. ஆசை அங்கிருந்துதான் வந்தது.

கடந்த நவம்பரில் எழுதினேன். மொத்தத்தில் 71 பெர்சன்டைல் வந்தது. அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு 71 பேரை முந்தியிருக்கிறேன். ஆனால் ஆங்கில வாசிப்புப் பகுதியில் நான் விரும்பிய கல்லூரிகள் கேட்கும் குறைந்தபட்சத்தைத் தொடவில்லை. நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை.

வேலையிடத்தில் ஒருவர் கேட்டார்: "கோட்டா இருந்துமா கிடைக்கல?" அவருடைய மகன் அதே தேர்வை மூன்றாவது முறையாக எழுதியிருந்தான். அவனைப் பற்றிப் பேசும்போது அதே ஆள் சொன்ன வார்த்தை "விடாமுயற்சி". ஒரே தேர்வு. அவர்கள் வீட்டுப் பிள்ளை திரும்ப எழுதினால் பொறுமை. நம் வீட்டுப் பிள்ளை திரும்ப எழுதினால் தகுதியின்மைக்குச் சாட்சி. என் வெட்கத்தை யார் கொடுத்தார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அவருக்கு ஒரு பதில்: எஸ்.சி.க்கு 15 சதவீதம், எஸ்.டி.க்கு 7.5 சதவீதம் என்பது சட்டப்படியான உரிமை. அந்த இடங்களுக்குள்ளும் போட்டி உண்டு, பகுதிவாரியாகக் குறைந்தபட்சம் உண்டு. யாருக்கும் எதுவும் வீட்டுக்கு வந்து சேர்வதில்லை.

அவருக்குப் பதில் சொல்வதற்காக மட்டும் ஒரு வருடத்தைச் செலவழிக்க முடியாது. அதனால் வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டேன்.

முதல் கேள்வி: திரும்ப எழுதினால் எது மாறும்? ஐ.ஐ.எம்.கள் கேட் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. பல இடங்களில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களுக்கும் பங்கு உண்டு. அவற்றை இனி மாற்ற முடியாது. என் குறை அங்கே இருந்திருந்தால் திரும்ப எழுதுவதில் பெரிய பயன் இல்லை. என் குறை வாசிப்பில். அந்தப் பகுதியின் 24 கேள்விகளில் 16, நீண்ட ஆங்கிலப் பத்திகளைப் படித்து விடை சொல்பவை. நீட் தேர்வையும் ஜே.இ.இ. மெயினையும் தமிழில் எழுதலாம். கேட் முழுக்க ஆங்கிலம்தான். தமிழ் வழியில் படித்த எனக்குக் குறைவது அறிவல்ல, பழக்கம். பழக்கம் ஒரு வருடத்தில் வரும்.

இரண்டாவது: செலவு என்ன? எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 2025 தேர்வுக் கட்டணம் 1,300 ரூபாய், மற்றவர்களுக்கு 2,600. அது சமாளிக்கக்கூடியது. வேலையை விட்டுவிட்டுப் படிப்பது முடியாது. அப்பாவுக்கு முழங்கால் வலி, தம்பி பாலிடெக்னிக்கில் இருக்கிறான். ஆகவே வேலையில் இருந்துகொண்டேதான் படிப்பு. காலை ஐந்து முதல் ஏழு வரை.

மூன்றாவது: இடம் கிடைத்தால் கட்ட முடியுமா? பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருடக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள எஸ்.சி. மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் டாப் கிளாஸ் உதவித்தொகை இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கைதான். மற்றவர்களுக்குக் கல்விக் கடன். இதை விண்ணப்பிக்கும் முன்பே விசாரியுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

அண்ணல் அம்பேத்கரின் படிப்பே ஒரே ஓட்டத்தில் முடியவில்லை. பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பம்பாயில் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பாடம் நடத்திப் பணம் சேர்த்தார், நண்பரிடம் கடன் வாங்கினார், 1920இல் மறுபடி கப்பலேறினார். ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டைத் திருத்தி மீண்டும் கொடுத்துத்தான் 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அவர் படத்தை மாட்டியிருக்கும் வீட்டில் திரும்ப எழுதுவதற்கு யாரும் கூச வேண்டியதில்லை.

வீட்டில் சொன்னபோது அத்தை, "கல்யாண வயசுல இன்னும் பரீட்சையா?" என்றார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பெர்த் கெடைக்கலன்னா கப்பல் திரும்பிப் போயிடுமா? வெளிய நங்கூரம் போட்டு நிக்கும். நீ எழுது கண்ணு" என்றார்.

ஒரு முறைதான், அதற்கு மேல் இல்லை என்று நானும் ஒரு கோடு போட்டிருக்கிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்காக அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வையும் எழுதுவேன். ஐ.ஐ.எம். கிடைக்காவிட்டால் அந்த வழி. அதுவும் தோல்வி அல்ல.

ஞாயிறு மாலைகளில் எங்கள் தெருப் படிப்பகத்தில் ஐந்து பெண்கள் உட்கார்ந்து ஆங்கிலத் தலையங்கம் ஒன்றைச் சத்தமாகப் படிக்கிறோம். தெரியாத சொல்லைச் சுவரில் எழுதுகிறோம். போன வாரம் ஒரு பத்தியை முடிக்க நாற்பது நிமிடம் ஆனது, இந்த வாரம் இருபத்தைந்து. உங்கள் தெருவிலும் ஒன்றைத் தொடங்குங்கள், தோழர்களே.