குமலன்குட்டைப் பள்ளிக்கூடம்

ஈரோடு என்றதும் மஞ்சள் மண்டியும் ஜவுளிச் சந்தையுமே பலர் நினைவிற்கு வரும். சற்று நூலறிவு உடையோர், கணித மேதை இராமானுஜன் 1887-இல் பிறந்த ஊர் என்பர். அண்மையில் அந்நகருக்குச் செல்லும் வாய்ப்புப் பெற்ற நாம், பெருந்துறை சாலை வழியே சென்று, குமலன்குட்டை என்னுமிடத்தில் பேருந்தை விட்டிறங்கினோம். நாம் காண விழைந்தது அங்குள்ள அரசுத் தொடக்கப்பள்ளியை.

ஒரு பள்ளிக்கூடத்தில் காண்பதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் வினவலாம். நம் ஊர்ப்புறங்களில் நாள்தோறும் கண்டும் காணாமல் கடந்து செல்லும் பள்ளிகளுள் அதுவும் ஒன்றே. ஆயினும், அது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியாக விளங்கிய 2011-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள், அப்பொழுது ஈரோடு மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த டாக்டர் ஆர். ஆனந்தகுமார், தம் துணைவியாருடன் அங்கு வந்து, தம் மகளை இரண்டாம் வகுப்பில், தமிழ் வழியில் சேர்த்தார். ஆய்வுக்கு வந்த அதிகாரியாக அன்று. பிள்ளையைச் சேர்க்க வந்த தகப்பனாகவே வந்தார். மற்றப் பிள்ளைகளோடு அமர்ந்து தம் மகளும் சத்துணவு உண்ண வேண்டும் என்பதே அவர் விருப்பம். நாளேடுகள் இச்செய்தியை நாடெங்கும் கொண்டு சென்றன.

அது செய்தியானதுதான் நமக்கு வேதனை அளிக்கிறது. அரசு நடத்தும் பள்ளியில் அரசு அலுவலர் ஒருவரின் பிள்ளை சேர்வது அதிசயமாகிவிட்டதென்றால், அப்பள்ளிகளை நாம் யாருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்?

அந்தக் கல்வியாண்டும் எளிதான ஆண்டன்று. பள்ளிகள் திறப்பதே ஜூன் 15-க்குத் தள்ளிப்போயிருந்தது. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நால்வகையாகப் பிரிந்து கிடந்த பள்ளிகளுக்கெல்லாம் ஒரே பாடத்திட்டம் என்பது 2010-ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டம். அவ்வாண்டே ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் அது வந்துவிட்டது. எஞ்சிய வகுப்புகளுக்கு 2011-இல் வரவேண்டிய வேளையில், புதிதாகப் பொறுப்பேற்ற அரசு அதனை ஒத்திவைக்க முனைய, வழக்கு எழுந்தது. ஆட்சியரின் மகளாயினும் கூலித் தொழிலாளியின் மகளாயினும், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புதிய புத்தகம் இல்லை. ஆகஸ்ட் 9-ஆம் நாள் உச்சநீதிமன்றம், பத்து நாட்களுக்குள் சமச்சீர் கல்வியை நடைமுறைப்படுத்த ஆணையிட்ட பின்னரே நூல்கள் பிள்ளைகளின் கைக்கு வரலாயின. அடுத்த கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்து, புத்தகச் சுமையையும் குறைத்தது.

புத்தகம் ஒன்றானது போலவே பந்தியும் ஒன்றாக வேண்டுமென்பது பழைய கனவு. 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு என்று அது வளர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 15-ஆம் நாள் அக்காலை உணவு ஊர்ப்புற உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தபோது, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள நம் புனித அன்னாள் பள்ளியில்தான் அது தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் பசித்தவன் பிள்ளை மட்டுமே அமரும் பந்தி, எத்துணைச் சுவையாயினும், அன்னதானமாகவே நின்றுவிடுகிறது. ஆட்சியரின் மகள் தட்டேந்தி அமர்ந்தபோது அது பள்ளிச் சாப்பாடாயிற்று.

ஆண்டுதோறும் மே மாதம் பிறந்ததும் பங்கு இல்லத்தின் வாசலில் பெற்றோர் கூட்டம் கூடும். இன்ன மெட்ரிகுலேஷன் பள்ளியில் இடம் கிடைக்க ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்பர். கடன் வாங்கியேனும் கட்டணம் செலுத்துவதாகச் சொல்வோரும் உண்டு. நாமும் எழுதிக் கொடுக்கிறோம். நல்ல எதிர்காலத்தை விரும்பும் தாய் தகப்பனை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் முப்பது ஆண்டுக் குருத்துவ வாழ்வில், தெருக்கோடியில் இருக்கும் அரசுப் பள்ளிக்குக் கடிதம் கேட்டு எவரும் நம்மிடம் வந்ததில்லை.

2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர்நீதிமன்றம், உத்தரப் பிரதேசத்தில் அரசுச் சம்பளம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப்பள்ளிகளிலேயே படிக்கவைக்க வகைசெய்ய வேண்டுமென ஆணையிட்டது. அதிகாரியின் பிள்ளை படிக்கும் பள்ளியில் கூரை ஒழுகாது என்பது அதன் உட்கிடை. ஆணையிட்டுக் கொணரப் பார்த்த அக்காரியத்தை, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஈரோட்டில் ஒருவர் ஆணையின்றிச் செய்திருந்தார்.

நம் குடும்பங்களில் எவரேனும் வருகிற ஜூனில் அவ்வழி செல்ல எண்ணினால், நம்முடைய கடிதம் தேவைப்படாது. பிள்ளையை அழைத்துச் சென்றால் போதும். வயதுச் சான்று கையில் இல்லையென்று கூடச் சேர்க்கையை மறுக்கலாகாது என்பது, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி.